ஆப்பிரிக்க முந்திரி ஆப்பிரிக்காவிலேயே ஏன் உடைபடுவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரத் தற்சார்பு பற்றி ஆப்பிரிக்கத் தலைவர்கள் பேசும்போதெல்லாம் கொக்கோ, தங்கம், எண்ணெய் என்றே பட்டியல் போகும். ஆனால் அந்தப் போராட்டத்தின் நெளிவுசுளிவுகளைப் பக்கத்தில் நின்று பார்க்க முந்திரியைப் போல வசதியான பொருள் வேறில்லை. விதை முதல் டப்பா வரை நமக்கும் தெரிந்த சரக்கு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

ஆப்பிரிக்க முந்திரிக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். பண்ருட்டி, கன்னியாகுமரி மாவட்டம், எல்லை தாண்டினால் கொல்லம் என்று இருக்கும் ஆலைகளுக்கு உள்நாட்டு விளைச்சல் போதாது. ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், பெனின், கானா, தான்சானியா நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக ஓடு உடைக்காத கொட்டை தூத்துக்குடியிலும் கொச்சியிலும் இறங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை பிப்ரவரி முதல் ஜூன் வரை. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. இரண்டையும் வாங்கி வைத்தால்தான் இங்குள்ள அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், ஆண்டு முழுக்க வேலை நடக்கும். அதாவது, அங்கே ஆலை எழும்பினால் இங்கே கொட்டை குறையும். இதை மறைத்துவிட்டு ஆப்பிரிக்கத் தற்சார்பை வாழ்த்துவதில் பொருளில்லை.

அங்கே எவ்வளவு விளைகிறது? எவ்வளவு அங்கேயே உடைபடுகிறது?

உலகில் விளையும் கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது. ஐவரி கோஸ்ட் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன், உலகிலேயே முதலிடம். 1960-களில் வடக்கே மண் அரிப்பையும் பாலைவனம் பரவுவதையும் தடுக்க நட்ட காட்டு மரம் இது. கொட்டை விற்றுக் காசு பார்ப்பது பிற்பாடு வந்த யோசனை. பத்தாண்டுகளுக்கு முன்பு அந்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளூரில் உடைபடவில்லை. இப்போது கால் பங்குக்கு மேல் உடைபடுகிறது. மிச்சம் பெரும்பாலும் வியட்நாமுக்கும் அடுத்து இந்தியாவுக்கும் கப்பலேறுகிறது.

உடைத்து விற்றால் பத்து மடங்கு லாபம் என்கிறார்களே?

மேடைக் கணக்கு அது. விவசாயிக்குக் கிடைக்கும் விலையையும் ஐரோப்பியக் கடையில் வறுத்து உப்புப் போட்ட பொட்டலத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இடையில் வறுப்பவர், பொட்டலம் போடுபவர், கடைக்காரர் என்று பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பருப்பு எடுக்கும் ஆலைக்கு வருவது அதில் சிறு துண்டு.

ஒரு கிலோ வெள்ளைப் பருப்புக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ கொட்டை வேண்டும். 2025-ல் ஐவரி கோஸ்ட் அரசு அறிவித்த குறைந்தபட்ச விலை கிலோவுக்கு 425 சிஎஃப்ஏ பிராங்க் (அங்கத்திய நாணயம்). அப்படியென்றால் ஒரு கிலோ பருப்புக்குள் கொட்டை மட்டுமே 2,000 பிராங்குக்கு மேல். ஆலையின் மொத்தச் செலவில் முக்கால் பங்கு கொட்டைக்கே போய்விடும். கூலி, நீராவி, பெட்டி, வட்டி, லாபம் எல்லாம் எஞ்சிய காலுக்குள் அடங்க வேண்டும். இவ்வளவு ஒல்லியான தொழிலில் சின்னப் பிசகும் ஆலையைச் சாய்த்துவிடும்.

மொசாம்பிக்கில் என்ன நடந்தது? ஏன் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள்?

1970-களின் தொடக்கத்தில் உலகில் அதிக முந்திரி விளைந்த நாடு மொசாம்பிக். உச்சத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல். 1975-ல் விடுதலை கிடைத்ததும் கொட்டை ஏற்றுமதியைத் தடுத்து, ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு உள்நாட்டுப் போர். 1992-ல் போர் ஓய்ந்தபோது மரங்கள் கிழடு தட்டியிருந்தன, ஆலைகள் துருப்பிடித்திருந்தன.

ஆலைகளைத் தனியாருக்கு விற்ற சூட்டோடு உலக வங்கி ஒரு நிபந்தனை வைத்தது: கொட்டை ஏற்றுமதி வரியைக் குறை, விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும். 1990-களின் நடுவில் வரி 14 சதவீதத்துக்கு இறங்கியது. கொட்டை இந்தியாவுக்குப் பாய்ந்தது. சுமார் 11,000 பேர் வேலை பார்த்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2001 வாக்கில் அவர்களில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில். விவசாயிக்காவது கிடைத்ததா? பின்னர் பொருளியலாளர்கள் போட்ட கணக்கில், ஒரு முந்திரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைத்தது சராசரி 5.30 டாலர். வாங்க வந்தவர்கள் சிலர்தான், இடைத்தரகர்கள் நிறைய. வரி குறைந்த பலனை அவர்களே வழித்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையை உலக வங்கிக்கு எதிரான சாட்சியாக மட்டும் படிப்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். வரிச்சுவர் இருந்த காலத்திலும் அந்த ஆலைகள் நன்றாக ஓடவில்லை. பெரிய, இறக்குமதி இயந்திர ஆலைகள், பருப்பு நிறைய உடைந்தது, உதிரிபாகம் கிடைக்கவில்லை. 2001-க்குப் பிறகு நம்புலா மாகாணத்தில் திரும்ப எழுந்தவை கையால் இயக்கும் வெட்டும் மேசைகள் கொண்ட சிறிய ஆலைகளே.

தான்சானியா தற்சார்பை முழங்கிய நாடாயிற்றே?

1967 அருஷா பிரகடனத்தில் ஜூலியஸ் நைரேரே தற்சார்பை அரசுக் கொள்கையாகவே அறிவித்தார். அதே கொள்கையின் பெயரால் 1970-களில் சிதறிக் கிடந்த குடும்பங்களைக் கூட்டுக் கிராமங்களுக்கு நகர்த்தினார்கள். தெற்கே பல விவசாயிகளுக்குத் தங்கள் முந்திரி மரம் நாள் நடை தூரமாகிப்போனது. போதாக்குறைக்குச் சாம்பல் நோய். 1973-74-ல் 1,45,000 டன்னாக இருந்த கொள்முதல் 1986-87-ல் 17,000 டன்னுக்கு அருகில் விழுந்தது. அதே ஆண்டுகளில் கடன் வாங்கிக் கட்டிய பெரிய ஆலைகளுக்கு உடைக்கக் கொட்டை இல்லை.

2018 நவம்பரில் இன்னொரு பாடம். வியாபாரிகள் கிலோவுக்கு 3,000 ஷில்லிங்குக் கீழே கேட்டதும் ஜனாதிபதி மகுஃபுலி ராணுவத்தை இறக்கி, 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்றார். வாங்கிய கொட்டையை விற்க ஆளில்லாமல் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தது. பணத்துக்காக விவசாயிகள் காத்திருந்தார்கள்.

ஒரு சிறு ஆலையில் வேலை எப்படி நடக்கிறது?

வந்த கொட்டையை முதலில் வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து ஈரப்பதத்தை 8 முதல் 10 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும்; நகம் பதியக் கூடாது. சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் சாக்கில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

அடுத்து சல்லடை உருளையில் அளவு பிரித்தல்: 18–20 மில்லிமீட்டர், 20–22, 22–24 என்று. பிறகு நீராவிக் கலம். ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் கால் மணி நேரம் முதல் அரை மணி வரை. அளவும் ஈரமும் நேரத்தைத் தீர்மானிக்கும். வெந்ததை நிழலில் பரப்பி அரை நாளாவது ஆறவிட வேண்டும்.

வெட்டும் மேசையில் கை நெம்புகோலும் கால் மிதியும் சேர்ந்து இரண்டு கத்திகளை இயக்கி ஓட்டைப் பிளக்கும். பெரும்பாலும் பெண்கள்தான். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் கைத்தோல் கருகி உரியும். அதனால் கையில் ஆமணக்கெண்ணெய் அல்லது சமையல் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், சில இடங்களில் சாம்பல்.

பருப்பு பிறகு போர்மா என்னும் உலர்த்தும் அடுப்புக்குள் போகும். 65 முதல் 75 டிகிரி வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம்; ஈரப்பதம் 3 சதவீதத்துக்கு இறங்கினால் சிவப்புத் தோல் தளர்ந்துவிடும். காற்றழுத்த இயந்திரம் முக்கால்வாசியை உரித்துவிடும், ஒட்டியதைச் சிறு கத்தியால் சுரண்டுவார்கள். தரம் பிரிப்பதற்கு முன் பருப்புக்கு மீண்டும் 4–5 சதவீத ஈரம் ஏற்ற வேண்டும். தரப்பெயர்கள் எண்ணிக்கையில் இருந்து வந்தவை: டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 220–240 முழுப்பருப்பு, டபிள்யூ 320 என்றால் 300–320. கடைசியில் 22.68 கிலோ, அதாவது 50 பவுண்டு, காற்று நீக்கிய பையில் அடைத்துப் பெட்டி. ஒரு 20 அடி கண்டெய்னரில் 700 பெட்டி, ஏறத்தாழ 15.9 டன். அதை நிரப்ப 75 டன் கொட்டை உடைபட வேண்டும்.

புது ஆலைகளில் பருப்பு ஏன் இவ்வளவு உடைகிறது?

காரணங்கள் சில்லறையாகத் தெரியும், விளைவு சில்லறையில்லை. அளவு பிரிக்காமல் வெட்டினால், 22 மில்லிமீட்டருக்கு வைத்த கத்தி 24 மில்லிமீட்டர் கொட்டையின் பருப்பையும் சேர்த்து வெட்டும். வேகாவிட்டால் பருப்பு ஓட்டோடு ஒட்டி வரும். அதிகம் வெந்தால் ஓட்டு எண்ணெய் உள்ளே கசிந்து பருப்பு பழுப்பேறும், நாற்றமும் ஏறும். போர்மாவில் அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே ஈரமாக நிற்கும், தோல் உரியாது. 3 சதவீத ஈரத்தில் மொறுமொறுவென்று இருக்கும் பருப்பை ஈரமேற்றாமல் தரம் பிரித்தால் விரல் பட்டாலே இரண்டாகும்.

காசாகப் பாருங்கள். ஒரு டன் கொட்டையில் 210 கிலோ பருப்பு என்று வையுங்கள். முழுப்பருப்பு விலை 100, உடைசல் விலை 60 என்று கொள்வோம். முழுப்பருப்பு 80 சதவீதம் என்றால் வரவு 19,320. அதே 65 சதவீதமானால் 18,060. வரவில் ஆறரை சதவீதம் போய்விட்டது. இந்தத் தொழிலில் அதுதான் மொத்த லாபமும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆலைகள் ஏன் மூடுகின்றன?

பணம். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் உதவி நிறுவனங்கள் பணம் தரும், அமைச்சர் வந்து நாடா வெட்டுவார். கொட்டை வாங்கும் பணத்துக்கு யாரும் வரமாட்டார்கள். கொட்டை சந்தைக்கு வருவது நான்கைந்து மாதம். ஆலை ஓட வேண்டியது பன்னிரண்டு மாதம். ஆண்டுக்கு 1,000 டன் உடைக்கும் ஆலை பருவத்திலேயே 425 பிராங்க் வீதம் 42.5 கோடி பிராங்க், அதாவது சுமார் 6.5 லட்சம் யூரோ, கையில் வைத்திருக்க வேண்டும். லாரி வாடகையும் சாக்கும் தனி.

சரக்கு மாதாமாதம் கரைவதால் சராசரியாகப் பாதிப் பணம் ஆண்டு முழுக்க முடங்கும். 9 சதவீத வட்டி என்று வைத்தால் 1.9 கோடி பிராங்க். ஒரு கிலோ பருப்பின் தலையில் 91 பிராங்க். 4 சதவீதத்தில் கடன் கிடைக்கும் வெளிநாட்டுப் போட்டியாளருக்கு அது 40 பிராங்க்.

அதைவிடக் கொடுமை காலம். வெளிநாட்டு வியாபாரி பிப்ரவரியில் ரொக்கத்தோடு தோட்டத்து வாசலில் நிற்பார். உள்ளூர் ஆலையின் கடன் ஏப்ரலில் கைக்கு வரும். அதற்குள் நல்ல கொட்டை போயிருக்கும். மழையில் நனைந்த கடைசிப் பறிப்புதான் மிச்சம். ஜூலையில் கொட்டை தீர்ந்து ஆலைக் கதவு சாத்தப்படும். பழகிய வெட்டுக்காரப் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மறு ஆண்டு புதியவர்களை வைத்துத் தொடங்கினால் உடைசல் கூடும். பொருளாதார இறையாண்மை என்று பெரிய வார்த்தையில் சொல்வது இந்தத் தொழிலில் இவ்வளவுதான்: பருவத்துக் கொட்டையைப் பன்னிரண்டு மாதம் கட்டிக்காக்கும் பணம் யார் கையில் இருக்கிறது?

அப்படியானால் கொட்டை ஏற்றுமதியைத் தடை செய்தால் போதாதா?

பெனின் அதைத்தான் செய்தது. 2024 ஏப்ரல் 1 முதல் முந்திரிக் கொட்டை ஏற்றுமதிக்குத் தடை. கொத்தோனுவுக்கு வடக்கே குளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் ஆலைகள். ஐவரி கோஸ்ட் கொஞ்சம் மென்மையான வழி: 2024 பருவத்தில் ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தி, உள்ளூர் ஆலைகள் முதலில் வாங்கட்டும் என்றது.

தடைக்கு இரண்டு பக்கவிளைவு. ஆலைகளின் கொள்ளளவு விளைச்சலைவிடக் குறைவாக இருந்தால் விலை சரியும், நஷ்டம் விவசாயிக்கு. விலை சரிந்தால் கொட்டை இரவோடு இரவாக எல்லை தாண்டும். ஐவரி கோஸ்ட்டின் போந்துக்கு பகுதிக் கொட்டை, கானா எல்லைச் சந்தையான சம்பாவில் விலைபோவது அந்தப் பக்கத்தில் யாருக்கும் ரகசியமில்லை. காவலர் போட்டு இதை முழுக்க நிறுத்திய நாடு இல்லை. கிடங்கு ரசீதைப் பிணையாக ஏற்று ஜனவரியிலேயே கடன் தரும் வங்கி, பத்துத் தடைக்குச் சமம் என்பது எங்கள் கருத்து.

சிஎஃப்ஏ பிராங்க் இதில் எங்கே வருகிறது?

ஐவரி கோஸ்ட், பெனின், புர்கினா ஃபாசோ, கினி-பிசாவ் உட்பட எட்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் இந்த நாணயத்தில் இருக்கின்றன. ஒரு யூரோ 655.957 பிராங்க், அசையாத விகிதம். பருப்பு விற்பதோ டாலரில். யூரோ ஏறினால் பிராங்கும் கூடவே ஏறும். ஆலைக்காரர் கூலியும் மின்கட்டணமும் அதே பிராங்கில் கொடுத்து, டாலருக்குக் குறைந்த பிராங்க் வாங்குவார். நாணயத்தைத் தளர்த்தி ஏற்றுமதிக்கு உதவும் வசதி அரசுக்கு இல்லை. 1994-ல் ஒரே நாளில் மதிப்பைப் பாதியாக்கியதுதான் கடைசி மாற்றம். மறுபக்கம், பணவீக்கம் அடங்கியிருக்கும். கானாவின் நாணயமான செடி மதிப்பிழந்த காலத்தில் அங்கத்திய ஆலைக்காரர்கள் பட்ட பாடு பிராங்க் நாட்டுக்காரர்களுக்கு இல்லை. அந்நியச் செலாவணி இருப்பில் பாதியை பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்கும் விதி 2019 டிசம்பரில் அறிவித்த சீர்திருத்தத்தோடு இந்த எட்டு நாடுகளில் போய்விட்டது. நிலையான விகிதம் போகவில்லை.

இளைஞர்கள் எதைக் கையில் எடுத்திருக்கிறார்கள்?

ஆலை முதலாளியாவதை அல்ல, அதற்குப் பணம் வேண்டும். சுற்றியிருக்கும் வேலைகளை. பட்டறைகளில் வெட்டும் மேசையும் சல்லடை உருளையும் உள்ளூரிலேயே செய்து பழுது பார்க்கிறார்கள். கத்தி மழுங்கினால் அன்றே மாற்ற முடிகிறது. என்கலோ போன்ற சேவைகள் குறுஞ்செய்தியில் விலை நிலவரத்தை அனுப்புகின்றன. கழிவான ஓடு இன்னொரு துறை. 1,000 டன் கொட்டையில் 700 டன் ஓடு குவியும். அதை அப்படியே கொதிகலனில் எரித்தால் கண்ணைக் கரிக்கும் புகை, குழாயில் தார். செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தால் ஓட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். பிரேக் லைனிங்குக்கும் பெயின்டுக்கும் வாங்குவார்கள். பிண்ணாக்கு சுத்தமாக எரியும்.

இவற்றையெல்லாம்விட எங்கள் பார்வையில் முதலிடம், கொட்டையை விற்குமுன் செய்யும் தரச்சோதனைக்கே. செலவு மிகக் குறைவு, பேரம் பேசும் பலமோ உடனே கூடும்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வது?

தேவை: ஒரு கிராம் துல்லியத் தராசு, வெட்டும் கத்தி, மூன்று கிண்ணம். பத்து மூட்டைக்கு ஒன்றாவது குத்தி, மேல், நடு, அடி மூன்றிலும் கொட்டை எடுத்துக் கலக்குங்கள். குவியலை நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்கள் இரண்டை மட்டும் சேர்த்து, மற்றதை ஒதுக்குங்கள். ஒரு கிலோ எஞ்சும் வரை இதையே செய்யுங்கள். எண்ணுங்கள். ஐவரி கோஸ்ட் கொட்டை கிலோவுக்கு 200-ஐ ஒட்டி இருக்கும்; எண்ணிக்கை கூடினால் கொட்டை சிறிசு.

எல்லாவற்றையும் வெட்டி, தோலோடு நல்ல பருப்பு ஒரு கிண்ணம், புள்ளி விழுந்ததும் சுருங்கியதும் இன்னொன்று, பூசணம், பூச்சி, வெற்று மூன்றாவதில். நல்லதின் முழு எடையும் இரண்டாம் கிண்ணத்தின் பாதி எடையும் சேர்த்து 0.17637-ஆல் பெருக்குங்கள். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்ற அவுட்டர்ன் கிடைக்கும். நல்லது 262 கிராம், புள்ளி 20 கிராம் என்றால் 262 + 10 = 272; அவுட்டர்ன் 48.

வியாபாரி 45 என்று சொல்லி விலை குறைத்தால் விவசாயிக்கு ஆறு சதவீதம் போகிறது. 425 பிராங்க் கொட்டையில் கிலோவுக்கு 26 பிராங்க். பத்து டன் சேர்த்து விற்கும் கூட்டுறவுக்கு அது 2.6 லட்சம் பிராங்க். அடிக்கடி நடக்கும் தவறு: மூட்டையின் வாயிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பது. அடியில் கல்லும் பழைய ஆண்டுக் கொட்டையும் இருக்கும். இன்னொன்று, ஈரக் கொட்டையைச் சோதிப்பது, எடை ஏமாற்றும்.

முந்திரிப் பழத்தை என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் மரத்தடியில் அழுகவிடுகிறார்கள். கொட்டையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் எடையுள்ள பழம் அது. ஒரு நாளில் புளித்துவிடும். பெனினில் சாறாக்கி விற்கிறார்கள். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புதான் தொல்லை. நம் ஊர் முறை அங்கும் பொருந்தும்: லிட்டருக்கு 5 கிராம் ஜவ்வரிசி மாவை 150 மில்லி தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆற்றிக் கலந்து, அரை நாளுக்கு மேல் அசையாமல் வைத்தால் துவர்ப்பு அடியில் படியும், தெளிவை இறுத்துச் சூடாக்கிப் புட்டியில் அடைக்கலாம். மரவள்ளி அங்கே மூலைக்கு மூலை விளைவதால் மாவுக்குப் பஞ்சமில்லை.

உடைத்த பருப்பை இந்தியாவுக்கே விற்கலாமே?

உலகில் மிக அதிகம் முந்திரி தின்னும் நாடு இந்தியா, கேள்வி நியாயம். ஆனால் கொட்டைக்கு இந்தியாவின் சுங்கவரி 2.5 சதவீதம், உடைத்த பருப்புக்குப் பொது விகிதம் 2019-ல் 45-லிருந்து 70 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு குறைந்தபட்ச இறக்குமதி விலையும் ஏறியது: முழுப்பருப்பு கிலோ 720 ரூபாய், உடைசல் 680. கொல்லத்திலும் குமரியிலும் மூடிக்கொண்டிருந்த ஆலைகளைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. குமரிப் பெண்களின் கூலி அதில் அடங்கியிருப்பதால் எளிதில் குறை சொல்ல முடியாது. ஆகவே ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகர ஆலைக்காரர் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பார்க்கிறார். அங்கே வரித் தொல்லை குறைவு, தணிக்கைத் தொல்லை அதிகம்: உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ், தொகுதி வாரியான பதிவேடு, உலோகத் துண்டு கண்டறியும் கருவி. ஒரு பெட்டியில் உயிருள்ள பூச்சி ஒன்று கிடைத்தால் 15.9 டன்னும் நிராகரிக்கப்படலாம். அதனால் புது ஆலைகள் பல முதல் ஓரிரு ஆண்டு தோல் உரிக்காத பருப்பையே வியட்நாம் ஆலைகளுக்கு விற்றுப் பழகுகின்றன. உரிப்பதும் தரம் பிரிப்பதும் அங்கே நடக்கும். லாபம் குறைவுதான், ஆனால் பணம் சீக்கிரம் திரும்பி அடுத்த பருவத்துக் கொட்டைக்கு உதவும்.